பத்தடி வண்டியும் பனிமலைப் பாதையும்

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பறையில் ஐந்தடி நீளமுள்ள பெஞ்சுகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் போட்டுப் பாருங்கள். பத்து அடி. அந்தப் பத்தடிக்குள் நான்கு பேர் கால் நீட்டி அமர வேண்டும். அவர்களுடைய பெட்டிகளுக்கும் இடம் வேண்டும். எஞ்சினும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இப்படியொரு கணக்கு 1957-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பொறியாளரிடம் கொடுக்கப்பட்டது. அவர் பெயர் அலெக் இஸிகோனிஸ். வேடிக்கை யாதெனில், அவர் கல்லூரியில் பயின்ற நாளில் கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். இதைக் கேட்டு எவரும் ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். படம் வரைந்து சிந்திப்பதில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் அத்தொழிலில் மிகச் சிலரே இருந்தனர்.

அவர் கண்ட விடைதான் மினி என்னும் சிறிய கார். பெட்ரோல் பஞ்சத்தில், சிக்கனம் ஒன்றையே கருதிப் பிறந்த குடும்ப வண்டி அது. அதே வண்டி ஐரோப்பாவின் மிகக் கடுமையான பந்தயங்களுள் ஒன்றான மான்டி கார்லோ ராலியில் எவ்வாறு வென்றது என்பதையும், ஓராண்டு வென்ற பின்னரும் அவ்வெற்றி ஏன் பறிக்கப்பட்டது என்பதையும் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

பந்தயங்களில் எனக்கு இயல்பாக நாட்டம் கிடையாது. என் சிறு வயதில் எங்கள் ஊர் மருத்துவரிடம் மாரிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. ஆமை முதுகு போன்ற அதன் மேல்மூடியை நாங்கள் சிறுவர்கள் தடவிப் பார்த்துவிட்டு ஓடுவோம். 1948-இல் வெளிவந்த அந்த மைனரும் இஸிகோனிஸின் படைப்பே என்பதும், அது நம் நாட்டில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரோடு விற்கப்பட்டது என்பதும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரிய வந்தது. அதை அறிந்த பிறகு அந்த மனிதரின் மற்ற வேலைகளையும் தேடிப் படிக்கலானேன்.

இஸிகோனிஸ் 1906-இல் ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்கும் துறைமுகம் அது. தந்தை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர், தாய் ஜெர்மானியர். 1922-இல் போரின் முடிவில் அந்நகரம் தீக்கிரையான காலத்தில், பிரிட்டிஷ் கப்பலொன்று குடும்பத்தை மால்டாத் தீவுக்குக் கொண்டு சேர்த்தது. தந்தை அங்கேயே மாண்டார். மகனும் தாயும் லண்டனுக்கு வந்தனர். வீடும் தொழிலும் இழந்து வந்த அந்த இளைஞர் பாட்டர்ஸீ தொழிற்கல்லூரியில் சேர்ந்து, கணிதத்தோடு போராடி, கார்த் தொழிலில் நுழைந்தார். ஓய்வு நேரத்தில் ஒரு நண்பருடன் சேர்ந்து தம் கைகளாலேயே பந்தய வண்டி ஒன்றைச் செய்து அதைக் குன்றேறும் போட்டிகளில் ஓட்டினார். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் பயன்படும்.

இனி 1956-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை 26-இல் எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட்டது. மேற்காசிய எண்ணெய் ஏற்றிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் வரையில் அது நீடித்தது. பெரிய கார்களை வாங்குவார் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த குமிழிக் கார்கள், அதாவது முட்டை வடிவில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்த சிறு வண்டிகள், தெருக்களில் பெருகின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற பெரிய நிறுவனத்தின் தலைவர் லெனர்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ஒழுங்கான சிறு கார் ஒன்றைச் செய்து அவற்றைத் தெருவிலிருந்து விரட்ட வேண்டும் என்று அவர் இஸிகோனிஸிடம் கூறினார். நிபந்தனை ஒன்றே ஒன்று: புது எஞ்சின் செய்யப் பணமும் இல்லை, நாளும் இல்லை, நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள எஞ்சின் ஒன்றைத்தான் வைக்க வேண்டும்.

அந்த எஞ்சினோ நான்கு உருளைகள் கொண்டது. வழக்கம்போல் அதை நீளவாக்கில் வைத்து, அதன் பின்னால் கியர்ப் பெட்டியையும் வைத்தால் பத்தடியில் பாதி போய்விடும். இஸிகோனிஸ் செய்தது என்ன? எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். அப்படியும் பக்கவாட்டில் கியர்ப் பெட்டிக்கு இடம் போதவில்லை. ஆகவே அதை எஞ்சினின் அடியில், எண்ணெய் தேங்கும் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார்! எஞ்சினுக்கும் கியர்களுக்கும் ஒரே எண்ணெய். இயந்திரவியல் பயிலும் மாணவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அக்காலத்துப் பொறியாளர்களும் அப்படித்தான் சுளித்தார்கள்.

எஞ்சின் முன்னால் இருந்து முன்சக்கரங்களையே சுழற்றியபடியால், பின்சக்கரங்களுக்கு ஆற்றல் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு வேண்டியதில்லை; அத்தண்டுக்காக வண்டியின் நடுவே மேடு எழுப்ப வேண்டியதும் இல்லை. ஆனால் முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். திரும்பிய நிலையிலும் சக்கரம் ஒரே சீராகச் சுழல, உருண்டைகள் வைத்த தனி வகை இணைப்பு ஒன்று பயன்பட்டது. சக்கரங்களின் குறுக்களவு பத்தே அங்குலம். அவ்வளவு சிறிய டயரை டன்லப் நிறுவனம் இதற்கெனவே செய்து கொடுத்தது. வில்பட்டைகளுக்கும் சுருள்வில்களுக்கும் இடம் இல்லை. அவற்றுக்கு மாற்றாக அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் ரப்பர்க் கூம்புகளை அமைத்தார். நான்கு சக்கரங்களும் வண்டியின் நான்கு மூலைகளுக்குத் தள்ளப்பட்டன. இவ்வளவும் எதற்காக? பத்தடியில் எட்டடிப் பங்கு மனிதர்க்கும் மூட்டைக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. வேகத்தைப் பற்றிய எண்ணம் இதில் எங்கும் இல்லை.

1958 ஜூலையில் லார்டு மாதிரி வண்டியில் ஏறித் தொழிற்சாலையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஐந்து நிமிடங்களில் இறங்கி, ஓராண்டுக்குள் இது விற்பனைக்கு வர வேண்டும் என்றார் என்பர். 1959 ஆகஸ்டு 26-இல் அது வந்தது. 848 கன சென்டிமீட்டர் எஞ்சின், 34 குதிரைத்திறன். விலை வரி உட்பட 500 பவுனுக்குச் சற்றே குறைவு. முதல் மாதிரிகளில் இதைவிடப் பெரிய எஞ்சின் இருந்தது; அது மணிக்கு 90 மைல் வரை பாய்ந்தமையால், குடும்பஸ்தர்க்கு இது ஆகாது என்று குறைத்துவிட்டார்கள்.

முதலில் மக்கள் அதை ஐயத்தோடுதான் பார்த்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அடித்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த விதம் தவறாக இருந்தமையால் மழைக்காலத்தில் வண்டிக்குள் நீர் புகுந்தது. மின்பொறி பங்கிடும் கருவி முன்புறக் கம்பிச் சட்டத்துக்கு நேரே இருந்தமையால் அதுவும் நனைந்து எஞ்சின் நின்றுபோகும். போட்டி நிறுவனமாகிய போர்டு ஒரு மினியை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் கணக்கிட்டு, இந்த விலைக்கு விற்றால் நட்டமே வரும் என்று கண்டதாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் சிறிது சிறிதாக விற்பனை ஏறியது. 1965-இல் பத்து லட்சமாவது மினி வெளிவந்தது.

ஜான் கூப்பர் என்பவர் இங்கே வருகிறார். லண்டனை அடுத்த சர்பிட்டன் என்ற ஊரில் பந்தயக் கார்கள் செய்தவர். 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பந்தயச் சாம்பியன் பட்டம் அவருடைய வண்டிகளுக்கே கிடைத்தது. ஓட்டியவர் ஆஸ்திரேலியரான ஜாக் பிராபம். கூப்பரும் இஸிகோனிஸும் பழைய பந்தயத்தள நண்பர்கள். மினியை ஓட்டிப் பார்த்த கூப்பர், அது வளைவுகளில் சாயாமல், தண்டவாளத்தில் செல்வதுபோல் செல்வதைக் கண்டார். இதில் சற்று வலிமை கூட்டினால் என்ன என்று கேட்டார். இஸிகோனிஸ் உடன்படவில்லை. இது எளிய மக்களின் வாகனம். இதைப் பந்தயத்துக்கு இழுக்காதீர் என்பது அவர் கருத்து. இளமையில் தாமே பந்தய வண்டி செய்து ஓட்டியவர் இவ்வாறு சொன்னது எனக்கு விந்தையாகவே படுகிறது. தம் வண்டியைப் பிறர் திருத்துவதை எந்தப் படைப்பாளி விரும்புவான் என்றும் கேட்கலாம்.

கூப்பர் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர் ஹாரிமனிடம் சென்றார். ஆயிரம் வண்டிகள் செய்து பார்ப்போம் என்று அவர் இசைந்தார். ஆயிரம் செய்தால்தான் பந்தய விதிப்படி அதைப் பதிவு செய்ய முடியும். 1961-இல் மினி கூப்பர் வந்தது: 997 கன சென்டிமீட்டர், 55 குதிரைத்திறன், இரண்டு கார்புரேட்டர்கள், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்குகள். விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் கூப்பருக்கு இரண்டு பவுன். 1963-இல் 1071 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் 'கூப்பர் எஸ்' பிறந்தது. அடுத்த ஆண்டில் அதன் 1275 வகையும் சேர்ந்தது.

ராலி என்பது வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அன்று. மான்டி கார்லோ ராலி 1911-இல் தொடங்கியது. நடு ஜனவரிக் குளிரில் ஐரோப்பாவின் பல்வேறு நகரங்களிலிருந்து வண்டிகள் புறப்பட்டு, பகலும் இரவும் குறித்த நேரத்தில் குறித்த இடங்களைக் கடந்து, ஒரே திசை நோக்கிக் கூடும். பிறகு ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் நொடிக் கணக்கில் நேரம் குறிக்கும் தனிச் சோதனைகள். வண்டியில் இருவர்: ஒருவர் ஓட்டுவார், மற்றவர் முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்து, அடுத்த வளைவு எத்தன்மையது, எங்கே பனி உறைந்திருக்கும் என்று படித்துச் சொல்வார். சாலையின் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

இத்தகைய பாதையில்தான் சிக்கனத்துக்காகச் செய்த குறுக்கல்கள் எல்லாம் பலமாக மாறின. எஞ்சினின் பளு முன்சக்கரங்களின் மேல் இருந்தது, இழுப்பவையும் அவையே, ஆகையால் வழுக்கும் பனியிலும் அவை பிடி விடவில்லை. சக்கரங்கள் மூலைகளில் நின்றபடியால் வண்டி எளிதில் கவிழவில்லை. எடையோ ஏறத்தாழ 600 கிலோகிராம்தான். பெரிய வண்டி தயங்கித் திரும்பும் ஊசி வளைவில் இது எலிபோல் நுழைந்து வெளியேறியது. வீட்டுக்காரிக்கு இடம் மிச்சம் பிடித்துக் கொடுத்த அமைப்பே மலைச்சாலையில் நொடிகளை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

நிறுவனத்தின் பந்தயப் பிரிவு ஆபிங்டன் என்ற ஊரில் இருந்தது. 1961 முதல் அதை நடத்தியவர் ஸ்டூவர்ட் டர்னர். மினி கூப்பருக்கு முதல் பெரிய பன்னாட்டு வெற்றியைத் தேடித் தந்தவர்கள் இரு பெண்கள் என்பதை மாணவிகள் குறித்துக்கொள்ளலாம். 1962-இல் ஹாலந்து நாட்டின் ட்யூலிப் ராலியில் பாட் மாஸும் ஆன் விஸ்டமும் முதலிடம் பெற்றனர். அதே ஆண்டின் மான்டி கார்லோவில் பின்லாந்து வீரர் ரௌனோ ஆல்டோனென் முன்னணியில் வந்துகொண்டிருந்தபோது வண்டி தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பற்றியது. துணைவர் ஜெப் மாப்ஸ் அவரை இழுத்து வெளியே போட்டார். அடுத்த ஆண்டு ஆல்டோனென் மீண்டும் வந்து மூன்றாம் இடம் பெற்றார்.

1964-இல் அயர்லாந்துக்காரரான பாடி ஹாப்கர்க்கும் ஹென்றி லிடனும் சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகரிலிருந்து, 37 என்ற எண் தாங்கிய சிவப்பு நிற மினியில் புறப்பட்டனர். எதிரே அமெரிக்க போர்டு பால்கன் கார்கள். எட்டு உருளைகளும் மினியைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட எஞ்சின் அளவும் கொண்டவை. முடிவில் ஹாப்கர்க் முதலிடம். பால்கனை ஓட்டிய சுவீடன் வீரர் போ யுங்பெல்ட் இரண்டாமிடம். சிறியது பெரியதை வென்றது என்று பத்திரிகைகள் ஆரவாரித்தன. பிரதமரின் வாழ்த்துத் தந்தி வந்தது. ஆனால் வரலாறு பயில்பவர் ஒன்றை மறைக்கலாகாது. அந்நாளில் எஞ்சின் அளவுக்கு ஏற்பச் சலுகை தரும் கணக்கு ஒன்று இருந்தது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் மலைச் சோதனைகளில் யுங்பெல்டே விரைவானவர். மினியின் முதல் மான்டி வெற்றியில் கணக்கின் கையும் இருந்தது.

அந்தக் குறையை 1965 துடைத்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்பட்ட டிமோ மாக்கினெனும் பால் ஈஸ்டரும் பிரான்ஸை அடைந்தபோது கடும் பனிப்புயல் வீசியது. புறப்பட்ட வண்டிகள் 237. மான்டி கார்லோ வந்து சேர்ந்தவை 35. வழி நெடுகிலும் ஒரு தண்டப் புள்ளிகூடப் பெறாமல் வந்த வண்டி மாக்கினெனுடையது ஒன்றே. இரண்டாவதாக வந்தது பந்தயத்துக்கென்றே பிறந்த போர்ஷே 904. இதற்கு மேல் எந்தச் சலுகைக் கணக்கையும் எவரும் பேச முடியவில்லை.

1966-இல் விதிகள் மாறின. ஐயாயிரம் வண்டிகளுக்குக் குறையாமல் உற்பத்தியான, மாற்றம் செய்யப்படாத கார்களுக்கே சாதகம் என்றாயிற்று. ஆபிங்டன்காரர்கள் அந்த விதிக்கும் தக்கபடி 1275 கூப்பர் எஸ் வண்டியைப் பதிவு செய்து கொண்டுவந்தனர். மாக்கினென் முதல், ஆல்டோனென் இரண்டு, ஹாப்கர்க் மூன்று. மூன்று இடங்களும் மினிக்கே! அதன் பிறகு தொடங்கியது சோதனை. நடுவர்கள் வண்டிகளை மணிக்கணக்கில் பிரித்து, உறுப்பு உறுப்பாக அளந்தனர், நிறுத்தனர். எஞ்சினில் குற்றம் இல்லை. கடைசியில் முகப்பு விளக்கில் கண்டுபிடித்தனர். அதில் புது வகைக் குவார்ட்ஸ் அயோடின் பல்புகள் இருந்தன. அவற்றில் ஒரே இழைதான் உண்டு. எதிரே வருவோர் கண் கூசாதபடி ஒளியைத் தாழ்த்தும் முறை, விற்பனைக்கு வரும் வண்டியில் உள்ளதுபோல் இல்லை என்று கூறி மூன்று மினிகளையும் நீக்கினர். நான்காவதாக வந்த ரோஜர் கிளார்க்கின் போர்டு கார்ட்டினாவும், பெண்களுக்கான பரிசை வெல்லவிருந்த ரோஸ்மேரி ஸ்மித்தின் ஹில்மன் இம்ப்பும் அதே காரணத்தால் வெளியேறின. பிரெஞ்சு நாட்டு ஸிட்ரோயன் காரை ஓட்டிய பின்லாந்துக்காரர் பௌலி டொய்வோனெனுக்கு முதற்பரிசு சென்றது.

இது நீதியா? நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விதி விதியே; பல்பு விற்பனை வண்டியில் உள்ளபடி இல்லை என்பதும் உண்மையே. ஆனால் பல்பால் எவரும் மலை ஏறிவிடவில்லை. குற்றத்தைக் கண்டு சோதிப்பது ஒன்று. குற்றம் கிடைக்கும் வரையில் சோதிப்பது வேறொன்று. அன்று நடந்தது இரண்டாவது வகை என்பதே என் எண்ணம். மேல்முறையீடும் பயன் தரவில்லை. ஆனால் பிரிட்டிஷ் மக்கள் அந்த மூன்று வண்டிகளையும் வென்றவையாகவே வரவேற்றனர். உண்மையாக வென்றிருந்தால்கூட அத்துணைப் புகழ் கிடைத்திராது.

இதில் என் மனத்தை உறுத்துவது டொய்வோனெனின் நிலைதான். அவர் எவரையும் குறை கூறவில்லை. எவரையும் ஏமாற்றவும் இல்லை. ஆயினும் விரும்பாத வெற்றி அவர் தலையில் சுமத்தப்பட்டது. அதன்பின் அவர் ஸிட்ரோயனுக்காக ஓட்டவில்லை. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1986-இல், அவருடைய மகன் ஹென்றி டொய்வோனென் லான்சியா காரில் மான்டி கார்லோ ராலியை எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி வென்றார். குடும்பப் பெயரின்மேல் இருந்த நிழல் நீங்கியது என்று மகிழ்ந்தார். அவ்வாண்டு மே மாதத்திலேயே கார்சிகாத் தீவில் நடந்த ராலியில் அவர் உயிர் இழந்தார்.

1967-இல் மினி திரும்பி வந்தது. ஆல்டோனெனும் லிடனும் ஓட்டினர். லான்சியா புல்வியாவை 13 நொடி வேறுபாட்டில் வென்றனர். இம்முறை விளக்கைப் பற்றி எவரும் பேசவில்லை. அவ்வாண்டு பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாக்கினெனின் வண்டியில் எஞ்சின் மூடி திறந்து, முன்கண்ணாடியை முழுதும் மறைத்துக்கொண்டது. அவர் நிற்கவில்லை, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடியே மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிச் சென்றார். அந்த ராலியிலும் வென்றார்! இதை எவரும் சாலையில் செய்து பார்க்க வேண்டாம்.

1968-இல் மினிகள் மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களையே பெற்றன. முதலிடம் போர்ஷே 911-க்குச் சென்றது. எஞ்சினை இனிப் பெரிதாக்க இடமில்லை. பத்தங்குலச் சக்கரத்தில் இனிப் பெரிய பிரேக்குக்கும் இடமில்லை. எது பலமாக இருந்ததோ அதுவே எல்லையும் ஆயிற்று. அதே ஆண்டில் நிறுவனம் பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெருங்கூட்டில் இணைந்தது. 1970-இல் ஆபிங்டன் பந்தயப் பிரிவு மூடப்பட்டது. 1971-இல் கூப்பர் எஸ் உற்பத்தியும் நின்றது. மினியோ 2000 அக்டோபர் வரை, மொத்தம் 53 லட்சத்துக்கு மேல் உருவாகியது. 1969-இல் 'ஸர்' பட்டம் பெற்ற இஸிகோனிஸ் 1988-இல் காலமானார்; கடைசி மினி வெளிவந்த ஆண்டின் டிசம்பரில் ஜான் கூப்பரும் மறைந்தார்.

எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இழுக்கச் செய்யும் முறையோ மறையவில்லை. 1983-இல் நம் நாட்டில் வந்த மாருதி 800-இல் அதைக் காணலாம். கியர்ப் பெட்டி மட்டும் எஞ்சினுக்கு அடியில் இல்லாமல் அதன் பக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தில் கேடன் என்னும் ஊரிலுள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்ற மூன்று மினிகளும் காக்கப்பட்டு வருகின்றன. 1966-ஆம் ஆண்டுக்கு நேரே வெற்றியாளர் பட்டியலில் இன்றும் பௌலி டொய்வோனெனின் பெயரே இருக்கிறது.